ஒரு சாண் உக்கலுக்காக யன்னலைக் கழற்றாதீர்கள்: பழைய மரயன்னல்களைக் காத்தலும் திருத்தலும்

மட்டக்களப்பின் புளியந்தீவிலே 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த தெருக்களில், தடித்த சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே, ஆளுயர மரயன்னல்களைக் கொண்ட பழைய வீடுகளும் கடைகளும் இன்னமும் எஞ்சியுள்ளன. தெற்கே கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று வரையிலும் கரையோரத்தில் இத்தகைய யன்னல்கள் ஆங்காங்கே தப்பி நிற்கின்றன. கூரை திருத்தும்போதோ சுவருக்கு வெள்ளையடிக்கும்போதோ இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியச் சட்டம் பொருத்துகிறார்கள். ஏனென்று கேட்டால் "எல்லாம் உக்கிப்போச்சு" என்பதே பதிலாக வருகிறது.

நான் பார்த்தவரையில் எல்லாம் உக்கிய யன்னல் மிக அரிது. உக்கல் கீழிருந்துதான் தொடங்கும். பெரும்பாலும் அது அடியில் ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளது முதிரை, பாலை, தேக்கு முதலிய மரங்களின் வைரம் பாய்ந்த பகுதி. மெதுவாக வளர்ந்து முதிர்ந்த அத்தகைய மரத்தை இன்று மரக்காலையில் பணம் கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாது. ஆகவே கீழே கூறப்படும் முறைகள் அனைத்தும் அந்த ஒரு சாணைத் திருத்துவதையும், அது மறுபடியும் உக்காதபடி தண்ணீரின் வழியை மாற்றுவதையும் நோக்கியவை.

அனுமதியும் பதிவும்

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமாயின், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி ஓர் ஆணியைக்கூடக் கழற்றக்கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அத்தகைய கட்டடங்களில் திருத்தமோ மாற்றமோ செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. அறிவிக்கப்படாத பழைய வீடாக இருந்தாலும், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு யன்னலுக்கும் ஓர் இலக்கம் இட்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படமெடுத்து, அந்த இலக்கத்தைக் கதவின் மேல் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொறித்துவிடுங்கள். கையால் செய்த யன்னல்களில் ஒன்றின் கதவு மற்றொன்றின் நிலைக்குச் சரியாகப் பொருந்தாது. கழற்றிக் குவித்த பிறகு எது எதனுடையது என்று தேடுவதில் நாட்கள் வீணாகும்.

உக்கலைக் கண்டுபிடித்தல்

மழை விட்ட மறுநாள் காலையே பார்வையிடுவதற்கு உகந்த நேரம். எல்லா இடமும் காய்ந்துகொண்டிருக்கையில் எங்கே ஈரம் கறுத்து நிற்கிறதோ அங்கேதான் நோய் இருக்கும். கையில் ஒரு குத்தூசி அல்லது கூர் மழுங்கிய பழைய திருப்புளி போதும். ஓடாவியார் ஒருவர் எனக்குக் காட்டித்தந்த முறை இது: குத்தூசியைச் சுத்தியலால் அடிக்காமல், உள்ளங்கையால் மட்டும் அழுத்த வேண்டும். நல்ல மரம் ஊசியின் நுனியைத் தாங்கி நின்றுகொள்ளும். உக்கிய மரத்திலோ ஊசி ஊறிய பாணுக்குள் இறங்குவதுபோல இறங்கிவிடும். அப்படி இறங்கிய இடத்திலிருந்து மேல்நோக்கி விரலிடை விரலிடையாக அழுத்திக்கொண்டு போனால், ஏதோ ஓரிடத்தில் ஊசி நின்றுவிடும். அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார் அவர். பெயின்ற் பொருக்குவிட்டு முழுவதும் பாழாகத் தெரிந்த அந்தக் கதவில் கோடு விழுந்தது அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான். அன்றிலிருந்து பெயின்றின் தோற்றத்தை வைத்து எந்த யன்னலுக்கும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஊசி போடவேண்டிய இடங்கள் நான்கு. நிலையின் அடிச்சட்டம் ஒன்று; நிலைக்கால்கள் அடிச்சட்டத்தோடு சேரும் மூலைகள் ஒன்று; கதவின் கீழ்ச்சட்டமும் நெடுஞ்சட்டமும் பொருந்தும் பொளிவாய் ஒன்று; இரும்புக் கம்பிகள் மரத்துக்குள் நுழையும் துளைகள் ஒன்று. இவற்றோடு, சுவரை ஒட்டிய பக்கத்தில் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்றும், தட்டும்போது ஒலி பொள்ளென்று கேட்கிறதா என்றும், அடியில் மாப்போன்ற தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தூள் உதிர்ந்தால் அது உழுத்தல், பூச்சியின் வேலை. உக்கல் பூஞ்சணத்தின் வேலை. மரத்தின் ஈரப்பதன் நூற்றுக்கு 20க்கு மேல் நெடுநாள் நிற்காவிட்டால் அந்தப் பூஞ்சணத்தால் மரத்தைத் தின்ன முடியாது. எனவே உக்கலுக்கு முதல் மருந்து மரத்தைக் காயவிடுவதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இதைக் கண்டுபிடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், புது மரம் பழையதைவிட விரைவாக உக்கும். முதலில் மேலே பாருங்கள்: உடைந்த ஓடு, அடைபட்ட பீலி, யன்னலுக்கு மேலுள்ள சுவர் வெடிப்பு, அந்த வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று. பிறகு அடிச்சட்டத்தைக் கவனியுங்கள். அதன் மேற்பரப்பு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் கட்டடம் இறங்கியதாலோ, பல தடவை பெயின்ற் பூசித் தடித்ததாலோ அந்தச் சரிவு தலைகீழாகி, தண்ணீர் உள்ளே தேங்குகிறது. ஒரு கோப்பைத் தண்ணீரை அடிச்சட்டத்தின்மேல் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் விடயம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடிச்சட்டத்தின் கீழ்ப்புறத்தில், வெளி விளிம்பை ஒட்டி, பென்சில் பருமனில் ஒரு நீண்ட பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். குனிந்து விரலால் தடவினால்தான் அது தெரியும். சரிவில் வழிந்துவரும் துளி விளிம்பைச் சுற்றிக் கீழ்ப்புறமாக ஊர்ந்து சுவரை நோக்கிப் போகும். பள்ளத்தின் வாயை அடைந்ததும் மேலே செல்ல முடியாமல் அங்கேயே திரண்டு நிலத்தில் சொட்டிவிடும். அந்தப் பள்ளம் பெயின்றாலோ சீமெந்தாலோ அடைபட்டுவிட்டால், மாரி முழுவதும் துளிகள் வரிசையாகச் சுவருக்குள் போகும். பழைய தச்சர்கள் சிறிய உளியால் இழைத்த இந்தப் பள்ளத்தைத் துப்புரவாக்குவதற்கு அரை மணித்தியாலம் போதும். இந்தக் கட்டுரையில் கூறப்படும் வேலைகளிலே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே.

நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சீமெந்தால் அடைக்காதீர்கள். வாவியைப் பார்த்த ஒரு வீட்டில் அப்படி அடைத்த பிழையை நானே செய்திருக்கிறேன். சீமெந்து மரத்தோடு ஒட்டாமல் மயிரிழை விலகிக்கொண்டது. அந்த விலகலால் உள்ளே போன மழைநீர் வெளியேற வழியின்றி நின்று, மூன்றாவது மாரிக்குள் நிலைக்காலின் அடி கறுத்துப் போயிற்று. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சினாலும் திருப்பி வெளியே விடும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும் உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்குமாகக் குழைத்து, சுவரை நனைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு விரல் தடிப்புக்கு மேற்படாமல் படைபடையாக அடையுங்கள். கடற்கரை மணல் கையருகில் கிடைக்கிறதென்று அதைச் சேர்த்தால், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துச் சுவரையும் மரத்தையும் ஒருங்கே கெடுக்கும். வெயில் நாட்களில் சாந்தின்மேல் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது

இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டும். ஆகவே மரவேலையையும் பூச்சையும் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். அந்தக் காலத்திலும் கச்சான் காற்று வீசும் நாட்களில் ஓர் எச்சரிக்கை தேவை: மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட சூட்டில் பூச்சின் மேற்பரப்பு உடனே காய்ந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். பெயின்ற் வேலையைக் காலையில், அதுவும் வெயில் திரும்பிய நிழற்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் யன்னல் இறுகிப்போனால் உடனே சீவுளியை எடுக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போது சீவித் தள்ளினால், ஆடிக் கச்சானில் மரம் சுருங்கியதும் கதவுகளுக்கு நடுவே விரல் போகும் இடைவெளி தோன்றும். பிறகு அதை அடைக்க ஒரு சட்டம் அறைவார்கள். அடுத்த மாரியில் அது மறுபடியும் இறுகும். மாரியில் இறுகும் இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் இட்டு வையுங்கள். சித்திரையிலும் அது உரசினால் அப்போது சீவலாம். அனேகமாக உரசாது.

மரத்தை ஒட்டுப்போடுதல்

உக்கிய பகுதியை வெட்டியெடுத்து அதேயிடத்தில் அதே வகை மரத்தைப் பொருத்துவதுதான் முதன்மையான திருத்தம். சோக்கட்டிக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நல்ல மரமும் சேர வெட்டுங்கள். நெடுஞ்சட்டத்தை நேர்குறுக்காக வெட்டினால் ஒட்டு நிற்காது. சாய்வாக, மரத்தின் தடிப்பைப்போல மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். வெளியே தெரியும் பொருத்துவாய், மழைநீர் உள்ளே இறங்காமல் வெளிப்புறமாக வழிந்தோடும்படி சரிந்திருப்பது முக்கியம். எத்தனையோ நல்ல ஒட்டுகள் இந்தச் சரிவைத் தலைகீழாக வெட்டியதனாலேயே வீணாகியிருக்கின்றன.

புதுத் துண்டின் ரேகையும் பழைய மரத்தின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். துண்டைச் சற்றே தடிப்பாக வைத்து ஒட்டி, ஒட்டு இறுகிய பின் புது மரத்தைத்தான் பழையதன் மட்டத்துக்குச் சீவ வேண்டும். பழையதைப் புதியதற்கு ஏற்பச் சீவக்கூடாது. தண்ணீருக்கு நிற்கும் பசையைப் பயன்படுத்துங்கள். இரும்பு ஆணியை விட்டு, வைரமரத்தில் சீவிய முளையை அறையுங்கள். பொளியும் அதற்குள் செருகிய கழுந்தும் தளர்ந்து கதவு கோணியிருந்தால் பழைய முளையைப் பின்பக்கமிருந்து தட்டியெடுத்து, மூட்டைத் துப்புரவாக்கி, மூலைமட்டம் வைத்து இறுக்கிப் புது முளை போடலாம். மூலையில் தகரத் துண்டு அறைவது மூட்டைத் தாங்காது. தகரத்துக்குப் பின்னே ஈரத்தைத்தான் தேக்கும்.

ஒட்டுமரத்தை இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் வளை, நிலை, கதவு ஆகியவற்றிலிருந்து பெறுவதே சிறந்தது. அது நன்றாகக் காய்ந்து அடங்கியிருக்கும். முதிரை, தேக்கு முதலியவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், வாங்கும்போதே பற்றுச்சீட்டையும் உரிய பத்திரங்களையும் கேட்டுப் பெறுங்கள். வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், கலந்த பலகையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். கறையானும் உழுத்தலும் அந்த வெளிற்றிலிருந்துதான் தொடங்கும்.

பெருவிரல் அளவுக்கு உட்பட்ட குழிகளை எப்பொக்சிப் பசையில் மரத்தூள் கலந்து அடைக்கலாம். அதற்கு மேற்பட்ட பள்ளத்தை அப்படி நிரப்பினால், பசைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் சிறைப்பட்டு உக்கல் மறைவில் தொடரும். வெட்டிய வாய்களுக்கும் நிலையின் அடிப்பகுதிக்கும் போரிக் அமிலமும் போறாக்சும் கரைத்த நீரைப் பூசிக் காயவிடுவது பூஞ்சணத்தையும் பூச்சியையும் தடுக்கும். ஆனால் அது மழையில் கரைந்து போகக்கூடியது என்பதால் மேலே பெயின்ற் அவசியம். கழிவு எஞ்சின் எண்ணெயை யன்னலுக்குப் பூச வேண்டாம். அதன்மேல் எந்தப் பெயின்றும் பிடிக்காது.

சாய்வாக அடுக்கிய சிறுபலகைகள் கொண்ட கதவுகளில், உடைந்த பலகையை மட்டும் மாற்றினால் போதும். நல்ல நிலையிலுள்ள ஒன்றை மாதிரியாகக் கொண்டு, அதே தடிப்பிலும் அதே விளிம்பு உருட்டிலும் செய்யச் சொல்லுங்கள். காற்று வரட்டும், வெயிலும் மழையும் வராதிருக்கட்டும் என்று கணக்கிட்டு வைத்த சாய்வு அது. அதை மாற்றவோ பின்னால் பிளைவூட் அடித்து மூடவோ வேண்டாம்.

இரும்பும் பிணைச்சலும்

உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது அந்தத் துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். கம்பி நுழையும் துளையருகே நிலை நீளவாட்டில் பிளந்திருப்பதற்கு அதுவே காரணம். இயலுமானால் கம்பியை உருவியெடுத்து, கம்பித்தூரிகையால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு இரண்டு தடவை கொடுத்து, துளைக்குள் மறையும் பகுதிக்கும் தவறாமல் பூசி மீண்டும் செருகுங்கள்.

கதவு தொங்குவதற்குப் பெரும்பாலும் பிணைச்சல் காரணமல்ல. திருகாணி பிடித்திருந்த துளை விரிந்திருக்கும். நீளமான திருகாணி போடுவதாலோ பக்கத்தில் ஆணி அறைவதாலோ மரம் இன்னும் பிளக்கும். துளையை வட்டமாகத் துளைத்து, வைரமுளையைப் பசையுடன் அடித்து, மட்டமாக வெட்டி, கதவை அடியில் ஆப்பு வைத்துச் சரியான உயரத்துக்கு உயர்த்திக்கொண்டு புதிதாகத் துளையிட்டுப் பிணைச்சலைப் பூட்டுங்கள். பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளைத் திருகாணியே பொருத்தம். இரும்பைப் போட்டால் இந்தக் காற்றில் அது விரைவில் அரித்துப்போகும்.

கண்ணாடி

பழைய கண்ணாடியின் வழியாகப் பார்த்தால் எதிரேயுள்ள தென்னை மரம் சற்றே நெளியும். அந்த நெளிவே அது பழைய முறையில் செய்யப்பட்ட கண்ணாடி என்பதற்குச் சான்று. இன்று கடையில் வாங்கும் கண்ணாடியில் அது கிடையாது. ஆகவே உடையாத கண்ணாடி ஒவ்வொன்றையும் காப்பாற்ற முயலுங்கள். இறுகிய பழைய புட்டியை உளியால் சிறிது சிறிதாக, கண்ணாடிக்கு இணையாக உளியைப் பிடித்து நீக்க வேண்டும். மேல்வளைவிலுள்ள வண்ணக் கண்ணாடிகளை அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

புட்டியை வீட்டிலேயே செய்யலாம்: நைசான சோக்குத்தூளில் ஆளிவிதை எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, ரொட்டிக்கு மாக் குழைப்பதுபோல, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். கண்ணாடி உட்காரும் பொழிக்கு முதலில் அடிப்பூச்சுக் கொடுத்துக் காயவிடுங்கள்; கொடுக்காவிட்டால் மரம் எண்ணெயைக் குடித்து, புட்டி வெடித்துக் கழன்றுவிடும். பொழியில் மெல்லிய புட்டிப் படுக்கை இட்டு, கண்ணாடியை விளிம்புகளில் மட்டும் அழுத்தி அமர்த்தி, சிற்றாணிகளால் நிறுத்தி, வெளிப்புறத்தைச் சரிவாக இழைத்துவிடுங்கள். மேலே தோல் கட்டுவதற்கு ஒன்றிரண்டு வாரம் செல்லும். அதன் பின்னர் பெயின்ற் பூசும்போது, புட்டியைத் தாண்டிக் கண்ணாடியின்மேல் 2 மில்லிமீற்றர் ஏறும்படி பூசினால்தான் நீர் உட்புகாது.

பெயின்ற்

பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணியே வேலை செய்ய வேண்டும். அதைச் சுடர்விளக்கால் எரிக்கக்கூடாது, உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்க்கவும் கூடாது. புகையும் தூளும் வேலை செய்பவரையும், அவற்றைவிடக் கூடுதலாக அவ்வீட்டுக் குழந்தைகளையும் பாதிக்கும். தண்ணீர் தெளித்து அரத்தாளால் ஈரமாகத் தேய்த்து, கீழே பொலித்தீன் விரித்துத் தூளைச் சேர்த்தெடுத்து, உடுத்திருந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்றை உரிக்கத் தேவையில்லை. பொருக்குவிட்டதை மட்டும் நீக்குங்கள். ஒரு மூலையில் உள்ளங்கையளவு இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டால், அந்தக் கட்டடம் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு அந்தப் படைகளே சாட்சியாக நிற்கும். வெட்டுவாய், கதவின் கீழ் விளிம்பு ஆகிய இரண்டுக்கும் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். நின்றபடி பார்ப்பவர் கண்ணுக்குக் கீழ் விளிம்பு தெரியாது. அதனால்தான் அது எப்போதும் தவறவிடப்படுகிறது. கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் பூசுவதே நல்லது.

புயலுக்கு முன்

1978 நவம்பர் 23இல் வீசிய புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். கார்த்திகை பிறக்குமுன் எல்லாக் கொண்டிகளும் தாழ்ப்பாள்களும் நிலையில் உறுதியாகப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். கதவு இருந்தும் கொண்டி இல்லாத யன்னலைக் காற்று ஒரே அறையில் பிடுங்கிவிடும். மரக்கதவு இல்லாத கண்ணாடி யன்னல்களுக்கு 12 மில்லிமீற்றருக்குக் குறையாத பிளைவூட்டை வெயில் காலத்திலேயே அளந்து வெட்டி, இலக்கமிட்டு வைத்துக்கொள்ளலாம். அதைப் பழைய நிலையில் ஆணியடித்துப் பூட்டாமல், சுவரின் சுண்ணாம்புச் சந்துகளில் முன்கூட்டியே பதித்த திருகுகளில் பூட்ட வேண்டும். கண்ணாடியில் குறுக்காக ஒட்டும் நாடா அதை உடையாமல் காக்காது. எச்சரிக்கை நீங்கியதும் பலகையைக் கழற்றிவிடுங்கள். மாரி முழுவதும் மூடிக்கிடந்தால் உள்ளே மரம் புழுங்கும். கடல்நீர் ஏறிய யன்னலாயின், பெயின்றைப் பற்றி எண்ணுமுன் நல்ல தண்ணீரால் பல தடவை கழுவி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும்.

வேலை முடிந்த பின் ஆண்டுக்கு ஒரு தடவை, புரட்டாசியில், ஒரு குத்தூசியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் யன்னல் இலக்கங்களை எழுதிய ஒரு கொப்பியுமாக ஒவ்வொரு யன்னலையும் சுற்றிவாருங்கள். பீலியைத் துப்புரவாக்கி, அடிச்சட்டத்துக் கீழ்ப்பள்ளத்தை விரலால் தடவி, பெயின்ற் வெடித்த மூலைகளுக்கு உடனே ஒரு தொடுபூச்சுக் கொடுத்து, செய்ததைத் திகதியோடு அந்தந்த இலக்கத்துக்கு நேரே எழுதி வையுங்கள்.